எதுக்க வந்தவள்

சாத்தனேரியில் கேபிள் டிவி லைன் பார்க்கும் சொரிமுத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஹாண்டில்பாரில் வயர்ச் சுருளும் கேரியரில் சின்ன ஏணியுமாக மேலரத வீதி வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினான், கிளம்பியவன் அதன்பிறகு பதினோரு நாள் நிற்கவில்லை. நிற்க மனமில்லாமல் அல்ல, முடியவில்லை. பிரேக்கைப் பிடித்தான், பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வின, சக்கரம் நின்றது, சைக்கிள் மட்டும் அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. காலை ஊன்றினான், கால் செருப்போடு சேர்ந்து வழுக்கியது. இறங்கியே பார்த்தான், இறங்கியவன் சைக்கிளுக்குப் பக்கத்தில், பெட்டிக்கடை வாசலில் நிற்கிறவன் மாதிரிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வாக்கிலேயே வீதியோடு போய்க்கொண்டிருந்தான், அதைப் பார்த்து ஜன்னலில் யாரோ சிரித்ததால் மானம் போகிறதென்று மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டான்.

இது ஏன் நடந்தது என்று எங்கள் ஊரில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சமாளிக்கவே ஊருக்கு ஆயிரம் வேலை இருக்கும்போது ஏன் என்று கேட்பது வேலையில்லாதவன் செய்கிற காரியம். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்பதை நான் சொல்லிவிடுகிறேன், அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் பாடு.

சொரிமுத்துவின் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு சந்து, அந்தச் சந்தில் ஆவுடை இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். புருஷன் மஞ்சள்காமாலையில் போய் ஒன்பது வருஷம், போகும்போது அவளுக்கு வயது இருபத்துநாலு. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, வந்துவிட்டது என்ன, ஊர் பழக்கிவிட்டது: சந்து முனைக்கு வந்ததும் நின்று, வீதியில் யாராவது எங்கேயாவது கிளம்புகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள், யாராவது வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி அவர்கள் போனபிறகுதான் வீதியில் காலை வைப்பாள். வெளியே போகிறவனுக்கு எதிரே அவள் வந்தால் போன காரியம் விளங்காதாம். இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை; எங்கள் ஊர் நாகரிகமான ஊர். செருமுவார்கள், திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு டிவியில் படம் ஆடுகிறதென்று போன சொரிமுத்து, வயரை மாற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்குக் காலைல எட்டேகாலுக்குக் கிளம்புவேன். நீ எனக்கு எதுக்க வா. ஒண்ணும் பேச வேண்டாம். எதுக்க வந்தா சம்மதம்னு எடுத்துக்கிடுதேன்."

அவள் வயரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். "வராட்டா?" என்றாள்.

"வராட்டா, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்."

மறுநாள் எட்டேகாலுக்கு அவள் நல்ல சேலை உடுத்திச் சந்து முனைவரை வந்தது நிஜம். அங்கே நின்று எட்டிப் பார்த்தபோது, மகனை வழியனுப்ப வாசலில் நின்றிருந்த அவன் அம்மா சுடலைவடிவு இவளைப் பார்த்து லேசாகச் செருமியதும் நிஜம். ஆவுடையின் கால் ஒன்பது வருஷப் பழக்கத்தில் தானாகப் பின்னால் போய்விட்டது. சொரிமுத்து சந்தைத் தாண்டினான், போய்க்கிட்டே இருந்தான்.

நேராகப் போயிருந்தால் அன்றைக்கே ஊரைவிட்டுப் போயிருப்பான், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் எதற்கும் அவன் கட்டுப்படவில்லை. வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேடு விலகி வழிவிட்டது. கபடிக் குழு எட்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தார்கள், எட்டு பேரும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மொட்டைமாடியில் போவது மாதிரி அவனோடு சேர்ந்து வழுக்கிப் போய் ஒவ்வொருவராகக் கையை விட்டுக் கீழே விழுந்தார்கள், அவன் வேகம் இம்மி குறையவில்லை. ஆனால் நிறுத்தத்தான் முடியவில்லையே தவிர திருப்ப முடிந்தது. டீக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை விளக்குக் கம்பத்தில் கட்டி மறுநுனியை அவனிடம் வீச, அவன் அதைப் பிடித்ததும் கம்பத்தைச் சுற்றி அழகாக வளைந்து அடுத்த வீதிக்குள் போய்க் கயிற்றை விட்டான். அன்று மதியத்துக்குள் நாலு ரத வீதிகளின் நாலு மூலையிலும் கயிறு தொங்கியது. அவனும் தேர் போகிற வழியில், தேர் போகிற திசையில், கோவிலை வலமாகச் சுற்ற ஆரம்பித்தான். இடமாகச் சுற்ற ஊர் விட்டிருக்காது.

இரண்டே நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது. அறுந்த கேபிளை அவன் ஓடுகிற ஓட்டத்திலேயே சரிசெய்தான். முதல் சுற்றில் ஒரு முனையைப் பிடிப்பான், இரண்டாவது சுற்றில் தோலைச் சீவுவான், மூன்றாவதில் முறுக்குவான், ஒன்பதாவது சுற்றில் சீரியல் வந்துவிடும். தூக்கத்தை உட்கார்ந்தபடியே தூங்கினான், மூலை வரும்போது மட்டும் யாராவது "கயிறு!" என்று சத்தம் கொடுப்பார்கள், தூக்கத்திலேயே கையை நீட்டிப் பிடிப்பான். ஒரு சுற்றுக்குச் சரியாகப் பன்னிரண்டு நிமிஷம் என்று தங்கப்பழம் அண்ணாச்சி கடைக் கடிகாரத்தில் பார்த்துச் சொன்னதும், வீதிப் பெண்கள் அவனை வைத்தே உலை வைத்தார்கள். "சொரிமுத்து ரெண்டு சுத்து போனதும் சோத்த எறக்கிருட்டி" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவார்கள். சோறும் பதமாகத்தான் இருந்தது.

அவன் பட்டினி கிடக்கவில்லை, அதை ஊர் விடுமா? ஆனால் அவன் கிளம்பிய ஆள், இன்னும் போய்ச்சேராத ஆள். கிளம்பியவனுக்கு எதிரே போய்க் குறுக்காட்டக் கூடாது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் யோசித்து, ஓர் ஓசையும் எழுப்பாமல் பின்னாலேயே ஓடி, இட்லிப் பொட்டலத்தை அவன் முதுகுக்குக் குறிபார்த்து எறிந்தார்கள். முதுகில் பட்டுக் கேரியரில் விழும், அவன் கையைப் பின்னால் விட்டு எடுத்துக்கொள்வான். காலையில் இட்லி, மதியம் கட்டுச்சோறு, சாயங்காலம் வாழைப்பழம், வெள்ளிக்கிழமை கோவில் பிரசாதம். அன்பு மிகுந்த ஊர், எறிவதிலும் அன்பு மிகுந்து பலமாகவே எறிந்தது.

ஒன்பதாவது நாள் சாத்தனேரியில் பாதி வீடுகளில் சோறு வேகவில்லை. பத்தாவது நாள் ஒரு வீட்டிலும் வேகவில்லை. ஆம்பிளைகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள், பெண்கள் அரிசிக்கடைக்காரரைத் திட்டினார்கள், அரிசிக்கடைக்காரர் மில்லைத் திட்டினார். அன்று மதியம் ஆவுடையின் தட்டிலும் அரிசி அரிசியாகவே இருந்தது. அவள் ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தாள், நசுங்கவில்லை. எழுந்து கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆய்வகத்திலிருந்து நிறுத்துகடிகாரத்தை எடுத்துவந்து, தெற்கு ரத வீதி முடிகிற மூலையில், தங்கப்பழம் அண்ணாச்சி கடை ஓரமாக நின்றாள். சொரிமுத்து ஒருமுறை போனான். அமுக்கினாள். மறுமுறை வந்தான். அமுக்கினாள். ஆறு நிமிஷம். அவன் கயிற்றைப் பிடித்து வளைந்தபோது உள்ளங்கையில் சுற்றியிருந்த துணி சிவந்திருந்ததையும் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான், ஆனால் பார்த்து முடிப்பதற்குள் மூலை திரும்பிவிட்டது.

"அண்ணாச்சி, இட்லி எறியத நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

தங்கப்பழம் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தினார். ஒன்பது வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "என்னம்மா சொல்லுத? பசிக்கிறவனுக்குச் சோறு போடக் கூடாதா?"

"பின்னால இருந்து எறிஞ்சா எறிஞ்ச வேகமும் அவருகூட சேந்துக்கிடும் அண்ணாச்சி. நீங்கள்லாம் சேந்து பத்து நாளாத் தள்ளிக்கிட்டு இருக்கிய. வேகம் ரெண்டு மடங்காயிட்டு."

"ரெண்டு மடங்குதான, கயிறு தாங்குமே."

"வேகம் ரெண்டு மடங்கானா மூலைல திரும்புததுக்கு நாலு மடங்கு இழுக்கணும். கயிறு தாங்கும். கை தாங்குமா? நாளைக்கு ஒருநாள் பிடிப்பாரு. அதுக்கு மேல கைய விட்டாருன்னா நேர போக வேண்டியதுதான்."

கடையிலிருந்த எல்லோரும் நேரே பார்த்தார்கள். தெற்கு ரத வீதி நேரே போய் ஏறுவது பெரியகுளத்தின் கரை. கரைக்கு அப்பால் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்த அண்ணாச்சி, கேட்காமல் விட்டார். வருஷா வருஷம் ஜூன் மாதம் பக்கத்து வகுப்பில் டீச்சர் இதைத்தான் நடத்துவார்: நிற்பது நின்றுகொண்டே இருக்கும், போவது போய்க்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து ஒரு விசை வந்து தொடும்வரை. நாற்பது பிள்ளைகள் ராகம் போட்டுத் திரும்பச் சொல்வார்கள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குவளை கழுவிக்கொண்டே ஒன்பது தடவை அதைக் கேட்ட ஆவுடைக்கு, முதல் பாதி தன்னைப் பற்றித்தான் என்று எப்போதுமே தோன்றும்.

"அப்ப நாளைலேருந்து முன்னால நின்னு எறிவோம்" என்றார் அண்ணாச்சி.

"இட்லி எறிஞ்சு நிறுத்த இன்னும் பத்து நாள் ஆகும். ஒரு ஆளு எதுக்க வரணும். நிக்கக் கூடாது, வரணும். அவருக்குச் சமமா வந்து, ஒதுங்காம, நேருக்கு நேரா மோதணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பேசியதற்குத் தானே வெட்கப்பட்டவளாக நிறுத்துகடிகாரத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டாள்.

கபடிக் குழுத் தலைவன் மாடசாமி நெஞ்சைத் தட்டிக்கொண்டு கிளம்பினான். தெற்கு ரத வீதியில் சைக்கிளில் எதிரே விட்டான், வீரமாகத்தான் விட்டான், ஆனால் ஒரு முழ தூரம் இருக்கும்போது அவன் கை தானாக ஹாண்டிலை ஒடித்து ஓரங்கட்டிவிட்டது. மறுபடி விட்டான், மறுபடி ஓரங்கட்டியது. அவன் தம்பி விட்டான், அவனும் அப்படியே. பயமில்லை, பழக்கம். கிளம்பிப் போகிறவன் எதிரே வந்தால் ஒதுங்கு என்று பால்குடிக்கும்போதே சொல்லிக்கொடுத்த ஊரில் எவன் கை நேராகப் போகும்? சுமங்கலிகள் எதிரே வந்தால் நல்லதுதான், ஆனால் எந்தப் புருஷன் தன் பெண்டாட்டியைப் போய் இன்னொருத்தன் மேல் மோது என்று அனுப்புவான்? சாயங்காலம்வரை பேசினார்கள். அதற்குள் சொரிமுத்து முப்பது சுற்றுக்குமேல் போய்விட்டான், கைத்துணி இரண்டு முறை மாறியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுடலைவடிவு சந்துக்குள் நுழைந்தாள். மகன் அவளைப் பத்து நாளாகத் தாண்டித் தாண்டிப் போனவன், ஒவ்வொரு தாண்டலிலும் "அம்மா சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்க நிற்காமல் போனவன். அவள் பதிலை அடுத்த சுற்றில் சொல்லுவாள். இன்றைக்கு மதியத்திலிருந்து அவன் கேட்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

ஆவுடை கதவுக்குப் பின்னால் நின்றாள். வீட்டுக்கு வந்தவருக்கு எதிரே வரலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை, வயர் மாற்ற வந்த சொரிமுத்துவைத் தவிர ஒன்பது வருஷமாக யாரும் வந்ததில்லை.

"வெளிய வா தாயி" என்றாள் சுடலைவடிவு. "எங்க அம்மா எனக்குச் சொல்லிக்குடுத்தா, நான் செருமிட்டேன். எனக்கு வேற தெரியாது. எம் புள்ள கை கிழிஞ்சு கெடக்கு. நீ எதுக்க வரணும்."

"பகல்லயா அத்தை?"

"பகல்லதான்."

"எல்லாரும் பாக்கையிலயா?"

"எல்லாரும் பாக்கையிலதான்." சொல்லிவிட்டு அந்தம்மாள் அழுதுவிட்டாள், கொஞ்சம் மகனுக்காக, கொஞ்சம் தன் தொண்டைக்காக.

ஆவுடை அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். அவரும் சைக்கிளும் ஏணியும் வயருமாகத் தொண்ணூறு கிலோ. நானும் என் சைக்கிளும் அறுபது. சுடலைவடிவு எட்டிப் பார்த்துவிட்டு, "முப்பது கொறையுதே, எங்க வீட்ல அரிசி மூட்டை கெடக்கு, பின்னால கட்டிக்கோயேன்" என்றாள்.

"எடைய ஏத்த வேண்டாம் அத்தை. எடை கொறைஞ்சா வேகத்தக் கூட்டுனாப் போதும். அவரு ரெண்டு அடி வரதுக்குள்ள நான் மூணு அடி வந்துருவேன்." நோட்டை மூடினாள். "ஒம்பது வருசமாச் சொமந்தாச்சி. இனிமே கொஞ்சம் வேகமாப் போறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பித்தது. ஊரில் ஒரு மனுஷனும் எங்கேயும் கிளம்பாத நேரம், வீதி காலியாகக் கிடக்கும் என்று அவள்தான் அந்த நேரத்தைக் குறித்தாள். வீதி காலியாகத்தான் கிடந்தது. வாசல்களிலும் மாடிகளிலும் ஜன்னல்களிலும் ஊர் மொத்தமும் நின்றது. பெரியகுளத்துக் கரைமேல் ஆவுடை சைக்கிளோடு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட சேலை, பதினோரு நாளுக்கு முன் உடுத்திய அதே சேலை. அவள் ஒளியாமல் நிற்பதை அத்தனை பேரும் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

கிழக்கு ரத வீதி மூலையில் சொரிமுத்து கடைசிக் கயிற்றைப் பிடித்தான், இடது கையால், வலது கை முடியவில்லை. தெற்கு ரத வீதிக்குள் நுழைந்தான். நுழைந்ததும் அவளைப் பார்த்தான்.

அவள் காலை எடுத்தாள். கரையிலிருந்து சரிவு அவளை இழுத்தது, அவள் அதற்கு மேலும் மிதித்தாள், செயின் கிரீச்சிட மிதித்தாள், கொண்டை அவிழ அவிழ மிதித்தாள், சுவரோரமே நடந்து பழகியவள் வீதியின் நட்டநடுவில், கோலங்களின் மேலேயே, தங்கப்பழம் அண்ணாச்சி கடையைக் காற்று மாதிரிக் கடந்து வந்தாள். ஒரு பனைதூரம் இருக்கும்போது எங்கோ யாரோ பழக்கதோஷத்தில் செருமினார்கள். ஹாண்டில் ஒரு நூல் ஆடியது.

"எதுக்க வா!" என்று சுடலைவடிவு டீக்கடை வாசலிலிருந்து கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். "நேரா வா தாயி, ஒதுங்காத!"

ஹாண்டில் நேரானது. ஒரு முழம் வந்தது, கை ஹாண்டிலை ஒடிக்கவில்லை. ஒரு சாண் வந்தது, கண்ணைக்கூட மூடவில்லை.

மோதிய சத்தம் கதவை நன்றாகச் சாத்தினால் வருமே, அவ்வளவுதான் இருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்காத பொருள்கள் மட்டும் தத்தம் வழியே போயின: ஏணி பறந்து போய் டீக்கடைப் பெஞ்சில் படுத்தது, வயர்ச் சுருள் உருண்டு உருண்டு குளத்தங்கரை ஏறியது, கேரியரில் மிச்சமிருந்த இட்லிகள் மாடசாமியின் நெஞ்சில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டன, எதிர்ப்பக்கமாக ஆவுடையின் ஒற்றைச் செருப்பு கிழக்கே போனது. நடுவில் இரண்டு சைக்கிளும் பின்னிக் கிடந்தன. அவற்றின் மேல் அவன் தோளை அவளும் அவள் தோளை அவனும் பிடித்தபடி, முன்னே ஓர் அடியும் இல்லை பின்னே ஓர் அடியும் இல்லை, நின்றார்கள். சொரிமுத்து மெதுவாகக் காலைத் தரையில் வைத்தான். செருப்பு தெருப் புழுதியில் சரக்கென்று உராய்ந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலிக்கா?" என்றாள் அவள். அவளுக்கும் உதடு கிழிந்திருந்தது.

"நல்லா வலிக்கி" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "பதினோரு நாள் லேட்டுட்டி நீ."

"அதான் வேகமா வந்தேன்லா."

அன்று மதியம் சாத்தனேரியில் எல்லா வீட்டிலும் கடிகாரம் பார்த்துச் சோறு வடித்தார்கள், நன்றாக வெந்தது. அடுத்த மாதம் கோவிலில் கல்யாணம் நடந்தது, நானும் சாப்பிட்டேன், பாயசம் பரவாயில்லை. இப்போதும் எங்கள் ஊரில் எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் செருமுகிறவர்கள் இல்லாமல் இல்லை, பழக்கம் லேசில் விடுமா. ஆனால் பரீட்சைக்குப் போகிறவர்களும் பெண் பார்க்கப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் மேலரத வீதியில் சொரிமுத்து வீட்டு முன்னால் வந்ததும் நடையைத் தளர்த்தி, ஏதோ செருப்பில் கல் மாட்டிக்கொண்ட மாதிரிக் குனிந்து, கொஞ்சநேரம் நிற்பார்கள்.

முந்தாநாள்கூடப் பார்த்தேன். திருச்செந்தூர் போகக் கிளம்பிய சுடலைவடிவு, பையும் கையுமாக வாசற்படியில் நின்றுகொண்டு, இறங்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஆவுடை, அடுப்ப அப்புறம் பாரு. பின்வாசல் வழியாச் சுத்தி எதுக்க வாயேன், பஸ்சுக்கு நேரமாச்சி."